நிபந்தனைகளும் மடக்குகளும்: நிரலெழுதத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களையும், வேலை முடிந்த பின் தாமாகவே நிரலெழுதப் பழகும் பெரியவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைதான் என்று இரண்டு மொழிகள் வருவதால், இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சேர்த்தும், மாறுபடும் இடங்களைத் தனியாகவும் சொல்லியிருக்கிறோம். கட்டளைச் சொற்களை இஃப், எல்ஸ், வைல், ஃபார் என்று ஒலிக்கிறபடியே எழுதியுள்ளோம். பெரும்பாலான பதில்கள் எல்லை எண்களைச் சுற்றியே வருவதைக் கவனிப்பீர்கள். தொடக்க நிலையில் எழுதப்படும் நிரல்களில் நடுவே பிழை இருப்பது அரிது. முதல் சுற்று, கடைசிச் சுற்று, வரம்பைத் தொடும் எண் ஆகிய மூன்று இடங்களில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

நிரலின் போக்கைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன?

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினி முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடி நின்றுவிடும். சில வரிகளைச் சில வேளைகளில் மட்டும் இயக்கச் செய்வது நிபந்தனை. சில வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கச் செய்வது மடக்கு. வரிசை, தேர்வு, மீள்செயல் ஆகிய மூன்றைக் கொண்டே எந்தக் கணிப்பையும் எழுதிவிடலாம் என்று போம், யாகோபீனி என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டில் நிறுவினர். ஆகவே இந்தப் பக்கத்தில் உள்ளவற்றைத் திருத்தமாகக் கற்றுக்கொண்டவர், பெரிய நிரல் ஒன்றைத் திறந்து பார்த்தாலும் அதன் எலும்புக்கூட்டை அடையாளம் கண்டுகொள்வார்.

நிபந்தனையை எப்படி எழுதத் தொடங்குவது? ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

நம் மலைக்கு ஏறிவரும் எவரும் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 7.5.2024 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டின் கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இ-பாஸ் தேவையில்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்பவர் மனத்தில் ஓடுவதை அப்படியே எழுதினால் இவ்வாறு வரும்:

இஃப் பதிவெண் "டிஎன் 43" என்று தொடங்கினால்: அனுப்பு
எல்ஸ் இஃப் அரசுப் பேருந்தாக இருந்தால்: அனுப்பு
எல்ஸ் இஃப் இ-பாஸ் இருந்தால்: அனுப்பு
எல்ஸ்: நிறுத்து

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரு நிபந்தனை மெய்யானவுடன் அதற்குரிய வரி இயங்கும், மீதியுள்ளவற்றைக் கணினி பார்க்கவே பார்க்காது. இரண்டாவது, பதிவெண் "டிஎன் 43" என்பதற்குச் சமமா என்று கேட்காமல் அப்படித் தொடங்குகிறதா என்று கேட்டிருக்கிறோம். சமமா என்று கேட்டிருந்தால், பின்னால் எழுத்தும் நான்கு இலக்கமும் உள்ள எந்த உண்மையான பதிவெண்ணும் தேறாது. கூடலூர்ப் பகுதியின் "டிஎன் 43 இசட்" வண்டிகளும் நாம் எழுதிய விதத்தில் சரியாகவே உள்ளே வந்துவிடுகின்றன. மூன்றாவது, கடைசியில் நிற்கும் எல்ஸ். எந்த நிபந்தனையிலும் சேராத வண்டிக்கு என்ன செய்வது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் நிரல் பிழை காட்டாது, ஒன்றுமே செய்யாமல் அடுத்த வரிக்குப் போய்விடும், அந்த மௌனம் பிழைச் செய்தியைவிடத் தொல்லையானது.

அன்றைய வரம்பையும் இதில் சேர்க்க விரும்பினால், இ-பாஸ் வழங்கும் இடத்தில் "வழங்கியவை < 6000" என்று எழுத வேண்டும், "<=" என்று எழுதக் கூடாது. ஐயமிருந்தால் வழங்கியவை சரியாக 6,000 ஆக இருக்கும் கணத்தை நினைத்துப் பாருங்கள். "<=" என்று எழுதியிருந்தால் நிபந்தனை மெய்யாகி இன்னொரு பாஸ் அச்சாகும், அது 6,001-ஆவது பாஸ். 200-க்கும் 3,000-க்கும் சோதித்துப் பார்த்து நிரல் சரி என்று முடிவு கட்டியவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. 5,999, 6,000, 6,001 ஆகிய மூன்று எண்களைக் கொடுத்துப் பார்ப்பதே சோதனை.

'நாள் == "சனி" அல்லது "ஞாயிறு"' என்று எழுதினேன். ஏன் எல்லா நாளும் வார இறுதியாகிவிடுகிறது?

பேச்சில் நாம் இப்படித்தான் சொல்கிறோம், கேட்பவருக்கும் புரிந்துவிடுகிறது, ஆனால் கணினி அந்த வரியை "நாள் சனியா?" என்றும், "ஞாயிறு மெய்யா?" என்றும் இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறது. பைதானில் வெற்றாக இல்லாத எந்தச் சரமும் (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) மெய்யாகவே கொள்ளப்படும் என்பதால் இரண்டாவது கேள்விக்கு எப்போதும் ஆம் என்றே விடை வரும். செவ்வாய்க்கிழமையும் 8,000 வண்டிகளை ஏற்றிவிடுவீர்கள். 'நாள் == "சனி" ஆர் நாள் == "ஞாயிறு"' என்று இரு பக்கமும் முழுமையாக எழுத வேண்டும்.

இதையொட்டி இன்னொன்று: ஆர் (அல்லது) என்பதன் இடப்பக்கம் மெய்யானால் வலப்பக்கத்தைக் கணினி பார்ப்பதில்லை, ஆண்ட் (இரண்டும் மெய்யாக வேண்டும்) என்பதன் இடப்பக்கம் பொய்யானாலும் அப்படியே. "தடவை > 0 ஆண்ட் மொத்தம் / தடவை > 12" என்று எழுதினால், தடவை சுழியாக இருக்கும்போது வகுத்தல் நடக்கவே நடக்காது, நிரலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் பைதானில் சுழியால் வகுத்த பிழையோடு நிரல் நின்றுவிடும்.

ஒற்றைச் சமக்குறியும் இரட்டைச் சமக்குறியும் மாறினால் என்ன ஆகும்?

ஒற்றைச் சமக்குறி மாறிக்குள், அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயருக்குள், ஒரு மதிப்பை இடுகிறது, இரட்டைச் சமக்குறி இரண்டு மதிப்புகளை ஒப்பிடுகிறது. பைதானில் இஃப் வரியில் ஒற்றைக் குறி இட்டால் தொடரியல் பிழை என்று உடனே சொல்லிவிடும். சி பிளஸ் பிளஸில் அது செல்லுபடியாகும் வரி: "எடை = 5" என்பது மாறியில் ஐந்தை இட்டுவிட்டு, அந்த ஐந்து சுழியல்லாததால் நிபந்தனையை மெய்யாக்கிவிடும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி தரும் எச்சரிக்கைகளைப் படிக்காமல் மூடிவிடும் பழக்கம் உள்ளவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

பல இஃப்களைத் தனித்தனியாக எழுதுவதும் எல்ஸ் இஃப் இட்டு எழுதுவதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. தனித்தனி இஃப்கள் ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். எல்ஸ் இஃப் தொடரில் ஒன்றே ஒன்றுதான் இயங்கும், ஆகையால் எது முன்னால் நிற்கிறது என்பது முக்கியம்.

உதகையில் பனிக்காலத்தில் உறைபனி எச்சரிக்கை தரும் சிறு நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று கொள்வோம். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் "குளிர்", 4-க்குக் கீழே போனால் "செடிகளை மூடுக", 0 அல்லது அதற்கும் கீழே போனால் "உறைபனி" என்று அச்சிட வேண்டும். நடுவிலுள்ள 4 டிகிரி வேடிக்கைக்காக வைத்ததன்று. இரவில் புல்தரை காற்றைவிட வேகமாகக் குளிர்வதால், ஆள் உயரத்தில் உள்ள வெப்பமானி சுழிக்குச் சற்று மேலே காட்டும்போதே தலைகுந்தாவின் புல்வெளி வெள்ளையாகிவிடும். தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மலர்ச்செடிகளை முன்கூட்டியே மூடிவைப்பதும் இதனால்தான். இந்த மூன்றையும் சொன்ன வரிசையிலேயே எல்ஸ் இஃப் இட்டு எழுதினால், −2 டிகிரியிலும் "குளிர்" என்று மட்டுமே அச்சாகும், ஏனெனில் −2 என்பது 10-க்கும் கீழேதான். பூங்காவின் செடிகள் கருகியிருக்கும், நிரலோ தன் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். மிகக் குறுகிய நிபந்தனையை முதலில் வைத்து, 0, பிறகு 4, பிறகு 10 என்று அகன்றுகொண்டே வர வேண்டும். தனித்தனி இஃப்களாக எழுதினால் −2-க்கு மூன்று செய்திகளும் அச்சாகும். அதுவும் நமக்கு வேண்டியதன்று.

வரிகளை உள்தள்ளி எழுதுவது வெறும் அழகுக்குத்தானே?

பைதானில் உள்தள்ளலே இலக்கணம். எந்த வரி இஃப்புக்கு உள்ளே இருக்கிறது என்பதை அதைக்கொண்டுதான் மொழி அறிகிறது, நான்கு இடைவெளி விடுவது வழக்கம். சி பிளஸ் பிளஸில் நெளிவு அடைப்புக்குறிதான் கணக்கு, உள்தள்ளல் மனிதக் கண்ணுக்கு மட்டும். அடைப்புக்குறி இடாவிட்டால் இஃப்பை அடுத்துள்ள ஒரே ஒரு கூற்று மட்டும் அதற்குச் சொந்தம்.

இதன் விலை என்ன என்பதற்கு 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பிழை ஒன்றே போதும். பாதுகாப்பான இணைய இணைப்பைச் சரிபார்க்கும் அதன் சி நிரலில், அடைப்புக்குறி இல்லாத ஓர் இஃப்புக்குக் கீழே, பிழை கையாளும் பகுதிக்குத் தாவச் சொல்லும் ஒரே வரி இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டுமே இஃப்புக்குள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இரண்டாவது வரி நிபந்தனை எதுவுமின்றி எப்போதும் இயங்கியது. அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சரிபார்ப்பு நடக்காமலேயே, பிழை எதுவும் பதிவாகாத நிலையில், இணைப்பு சரி என்று நிரல் ஏற்றுக்கொண்டது. ஒரே வரியாக இருந்தாலும் அடைப்புக்குறி இடுங்கள் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதைச் சலிப்பாக எண்ணுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஃபார் மடக்கை எப்போது, வைல் மடக்கை எப்போது பயன்படுத்துவது?

எத்தனை முறை என்பது மடக்குக்குள் நுழையும்போதே தெரிந்திருந்தால், அல்லது கையில் ஒரு பட்டியல் இருந்தால், ஃபார். எப்போது முடியும் என்பது மடக்கு ஓடும்போதுதான் தெரியும் என்றால் வைல்.

மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எண் தெரிந்திருப்பதால் ஃபார் பொருந்தும். பைதானில் ரேஞ்ச் (1, 14) என்று எழுதினால் 13-ஆவது வளைவோடு நிரல் நின்றுவிடும், ஏனெனில் ரேஞ்ச் தன் இரண்டாவது எண்ணைத் தொடாது. (1, 15) என்று எழுத வேண்டும். தொடக்க எண் உள்ளே, முடிவு எண் வெளியே என்ற இந்த ஏற்பாடு முதலில் எரிச்சலூட்டினாலும், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் சுற்றுகளின் எண்ணிக்கை நேராகக் கிடைத்துவிடுகிறது என்பதால் பழகிய பின் யாரும் இதை மாற்றக் கேட்பதில்லை. வளைவுகளுக்கு இடையிலுள்ள சாலைத் துண்டுகளை எண்ணும் நிரலானால் விடை 14 அன்று, 13.

வைல் மடக்குக்கு இலை எடை போடும் இடத்தைப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை தடவை பச்சை இலையைக் கொண்டுவந்து தராசில் வைப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எடைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்து, முடிந்ததற்கு அடையாளமாக 0 என்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம் ("!=" என்பது சமமன்று என்று பொருள்படும்):

மொத்தம் = 0
தடவை = 0
எடை = உள்ளீடு
வைல் எடை != 0:
    மொத்தம் = மொத்தம் + எடை
    தடவை = தடவை + 1
    எடை = உள்ளீடு

உள்ளீடு வாங்கும் வரி இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்து, ஒன்றைத் தூக்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 14.5, 11, 16, 0 என்று கொடுத்து, கையால் ஓட்டிப் பார்ப்போம். 14.5 வந்ததும் மொத்தம் 14.5, தடவை 1. 11 வந்ததும் 25.5, 2, 16 வந்ததும் 41.5, 3; பிறகு 0 வருகிறது, மடக்கு முடிகிறது. சராசரி ஏறத்தாழ 13.83 கிலோ. முதல் உள்ளீட்டை நீக்கி, மடக்குக்குள் எடையை வாங்கியவுடன் கூட்டும்படி மாற்றினால், 0 என்ற அடையாளமும் ஓர் எடையாகச் சேர்ந்துவிடும். மொத்தம் அப்போதும் 41.5 என்றே சரியாக வரும், ஆனால் தடவை 4 ஆகி, சராசரி 10.375 ஆகிவிடும். மொத்தத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு எழுந்துபோகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. மழையால் அன்று யாருமே இலை எடுக்காமல், முதல் உள்ளீடே 0 ஆக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் ஓட்டிப் பாருங்கள்: மடக்கு ஒருமுறையும் ஓடாது, தடவை சுழியாகவே இருக்கும், சராசரி காணும் வரி சுழியால் வகுக்கப் பார்க்கும். அந்த வரிக்கு முன்னால் ஓர் இஃப் வேண்டும்.

சி பிளஸ் பிளஸில் உள்ள டூ வைல் மடக்கு நிபந்தனையைக் கடைசியில் பார்ப்பதால் குறைந்தது ஒருமுறையாவது ஓடும். பைதானில் அது இல்லை.

என் நிரல் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கட்டளைச் சாளரத்தில் கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு வைல் வரியில் உள்ள மாறியைப் பாருங்கள். அது மடக்குக்குள் எங்கே மாறுகிறது, எல்லா வழியிலும் மாறுகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். மாற்றும் வரியே இல்லாதிருப்பது எளிய பிழை. மாற்றும் வரி ஓர் இஃப்புக்குள் இருந்து, ஏதோ ஒரு நாளில் மட்டும் அந்த இஃப் பொய்யாவது கடினமான பிழை.

மைக்ரோசாஃப்டின் ஜூன் என்னும் பாட்டுக் கருவியின் 30 ஜிபி வகைக்கு 31.12.2008 அன்று நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. 1980 முதல் கடந்த நாள்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டறியும் மடக்கு ஒன்று அதில் இருந்தது. நாள்கள் 365-ஐவிட அதிகமாக இருக்கும் வரை மடக்கு ஓடும். சாதாரண ஆண்டானால் 365-ஐக் கழிக்கும். லீப் ஆண்டானால், நாள்கள் 366-ஐவிட அதிகமா என்று கேட்டு, அதிகமானால் மட்டும் 366-ஐக் கழிக்கும். லீப் ஆண்டான 2008-இன் கடைசி நாளில் மீதி சரியாக 366. அது 365-ஐவிட அதிகம், ஆகவே மடக்கு தொடர வேண்டும். 366-ஐவிட அதிகமன்று, ஆகவே எதையும் கழிக்கக் கூடாது. மதிப்பு மாறாமல் மடக்கு சுற்றிக்கொண்டே இருக்க, கருவிகள் உறைந்து நின்றன. மின்கலம் தீரும்வரை விட்டுவைத்து மறுநாள் மின்னேற்றி இயக்குமாறு நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் எண்ணிக்கை 367 ஆகிவிடுவதால் கழித்தல் நடந்து மடக்கு தானே முடிந்துவிடும். மற்ற நாள்களில் குறையின்றி ஓடிய நிரல் அது.

0.1 வீதம் கூட்டி 1.0 வந்ததும் நிற்கச் சொன்னேன். நிற்கவில்லையே?

0.1 என்னும் பின்னத்தைக் கணினி தன் இரும எண்முறையில் முழுத் துல்லியமாக வைத்திருக்க முடியாது. மிக நெருங்கிய வேறொரு எண்ணை வைத்திருக்கிறது. பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வருகிறது, 1.0 வருவதில்லை. "!= 1.0" என்ற நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாமல் மடக்கு அதைத் தாண்டிப் போய்விடுகிறது. சுற்றுகளை முழு எண்ணால் எண்ணுங்கள். 1 முதல் 10 வரை மடக்கை ஓட்டி, உள்ளே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் வைத்துக்கொள்வது இதே காரணத்துக்காகத்தான்.

பிரேக், கன்டினியூ இவற்றைப் பயன்படுத்துவது தவறா?

தவறில்லை. பிரேக் மடக்கை விட்டே வெளியேறும், கன்டினியூ நடப்புச் சுற்றை மட்டும் கைவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். வைல் மடக்கில் எண்ணியைக் கூட்டும் வரிக்கு மேலேயே கன்டினியூ வந்துவிட்டால், எண்ணி மாறாமல் முடிவில்லாத சுற்று உண்டாகும். நினைத்த வரிக்குத் தாவவிடும் கோ டூ கூற்றைத்தான் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1968-இல் வெளியான தம் புகழ்பெற்ற கடிதத்தில் எதிர்த்தார். பிரேக் மடக்கின் வாசலுக்கு மட்டுமே தாவுவதால் படிப்பவரைக் குழப்புவதில்லை. ஒரே மடக்கில் மூன்று நான்கு பிரேக்குகள் தேவைப்பட்டால் மட்டும் நிபந்தனையைத் திரும்ப எழுதுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

மடக்குக்குள் மடக்கு எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சுற்றுகள் பெருகும்: வெளியே 30 நாள்கள், உள்ளே 40 பேர் என்றால் உள்வரி 1,200 முறை இயங்கும். ஒவ்வொரு நாளின் மொத்தத்தையும் சுழியாக்கும் வரி வெளி மடக்குக்கு உள்ளே, உள் மடக்குக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே உள்ள பிரேக் உள் மடக்கை மட்டுமே முடிக்கும்.

பட்டியலில் ஓடிக்கொண்டே அதிலிருந்து நீக்கினேன். சில தப்பிவிட்டன, ஏன்?

[0, 0, 4] என்ற பட்டியலில் சுழிகளை நீக்க ஃபார் மடக்கை ஓட்டினால், முதல் சுழியை நீக்கியவுடன் இரண்டாவது சுழி முதல் இடத்துக்கு நகர்ந்துவிடும். மடக்கோ இரண்டாவது இடத்துக்குப் போய் அங்கே 4-ஐக் காணும். விடை [0, 4]. வேண்டியவற்றைப் புதிய பட்டியலில் சேர்ப்பதே எளிய வழி.

விசைப்பலகையில் 9 என்று கொடுத்தால் அது 10-ஐவிடப் பெரியது என்கிறதே?

பைதானின் உள்ளீடு எப்போதும் சரமாகவே வருகிறது. "9", "10" இரண்டும் சரங்களாக இருந்தால் அகராதி வரிசைப்படி முதல் எழுத்துகள் ஒப்பிடப்படும்; 9 என்னும் எழுத்து 1-க்குப் பின்னால் வருவதால் அது பெரிது. முழு எண்ணாகவோ பின்ன எண்ணாகவோ மாற்றிய பிறகே நிபந்தனையில் வையுங்கள்.

இவற்றைத் தமிழிலேயே எழுதிப் பழக முடியுமா?

முடியும். எழில் என்னும் நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன:

வளைவு = 1
@(வளைவு <= 14) வரை
    பதிப்பி வளைவு
    வளைவு = வளைவு + 1
முடி

இங்கே "<=" சரியானது; 14-ஆவது வளைவும் அச்சாக வேண்டும். பைதான் 3-இலும் மாறிகளுக்கு எடை, மொத்தம் என்று தமிழில் பெயரிடலாம், இஃப், வைல் போன்ற கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பொதுத்தேர்வில் பாடநூலின் மொழியில்தான் எழுத வேண்டும் என்பதால், மாணவர்கள் எழிலில் ஓட்டிப் பார்த்த மடக்கைப் பைதானிலும் சி பிளஸ் பிளஸிலும் ஒருமுறை எழுதி, மூன்றிலும் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.